ஐந்து நாள் நடைக்கு எந்தப் பாதை? பையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள உறவினர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அஞ்சு நாள் நடந்து போகணும்னு ஆசை. ஜயண்ட்ஸ் கப்பா, ஓட்டரா, வைல்ட் கோஸ்ட்டா?" தென்னாப்பிரிக்காவின் இந்த மூன்று நெடும்பாதைகளையும் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், படங்களும் பார்த்திருப்பார்கள். மூன்றுமே அழகானவை என்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

அழகை வைத்து இதற்கு விடை காண முடியாது. உங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார், அவர் முதுகில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று முதலில் பாருங்கள். அதற்கான விடை கிடைத்தால் பாதை பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

## எதை எதை வைத்து எடை போடுவது

முதலாவது எடை. பழக்கமில்லாதவர் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பன்னிரண்டு கிலோதான் வரம்பு, தண்ணீரும் அதற்குள் அடக்கம்.

இரண்டாவது சாப்பாடு. யார் சமைப்பது, எதில் சமைப்பது, வீட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா? செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில் விழுவதால் நம் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

மூன்றாவது, நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் வெளியேற வழி உண்டா என்பது. நான்காவது ஆறும் கடலும். ஐந்தாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு. மூன்று பாதைகளும் ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிகின்றன. கார் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

| | ஜயண்ட்ஸ் கப் | ஓட்டர் | வைல்ட் கோஸ்ட் |
|---|---|---|---|
| எங்கே | தெற்கு டிராகன்ஸ்பர்க் மலையடிவாரம் | சிட்சிகாமா கடற்கரை | போர்ட் செயின்ட் ஜான்ஸ் முதல் காபி பே வரை |
| தூரம் | சுமார் 60 கி.மீ. | சுமார் 45 கி.மீ. | சுமார் 60 கி.மீ. |
| இரவு தங்க | மெத்தையுள்ள குடில் | மெத்தையுள்ள குடில் | கிராமத்து வீடு |
| சாப்பாடு | நாமே சமைக்க வேண்டும் | நாமே சமைக்க வேண்டும் | வீட்டாரே சமைத்துத் தருவார்கள் |
| பை | சுமார் 12 கிலோ | சுமார் 11 முதல் 12 கிலோ | 6 முதல் 7 கிலோ |
| டர்பனிலிருந்து | சுமார் 200 கி.மீ. | 1,000 கி.மீ.க்கு மேல் | காரில் ஐந்தாறு மணி நேரம் |
| நல்ல காலம் | ஏப்ரல், மே | எப்போதும் மழை வரலாம் | ஜூன், ஜூலை |
| முன்பதிவு | சில வாரம் முன்பு | ஏறத்தாழ ஓராண்டு முன்பு | சில வாரம் முன்பு |

## ஜயண்ட்ஸ் கப்

சானி கணவாய்ச் சாலையில் தொடங்கிப் புஷ்மன்ஸ் நெக்கில் முடியும் பாதை இது. உயர்ந்த பாறைச் சுவர் ஒருபுறம் நிற்க, அதன் கீழே புல்மேடுகள் வழியாகவே போகும். உச்சி ஏற வேண்டியதில்லை. முதல் நாள் 14 கி.மீ., இரண்டாம் நாள் 9 கி.மீ., மற்ற நாள்களில் 12 அல்லது 13 கி.மீ. என்று கணக்கு.

நம் குடும்பங்களுக்கு இந்தப் பாதையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. முதல் இரவு தங்கும் போலேலா குடில் காப்ஹம் பகுதியிலும், நான்காம் இரவு தங்கும் ஸ்விமன் குடில் கார்டன் காசில் அலுவலகத்துக்கு அருகிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் பக்கத்தில் கார் வரும். நடக்க முடியாத சித்தப்பாவோ பெரியம்மாவோ அண்டர்பர்க்கில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, முதல் இரவும் நான்காம் இரவும் பக்கியில் (பிக்கப் வண்டியில்) சாப்பாட்டோடு வந்து சேரலாம். அப்படிச் செய்தால் இரண்டாம், மூன்றாம் இரவுகளுக்கான உணவை மட்டும் முதுகில் சுமந்தால் போதும், பையில் ஒன்றரை கிலோவாவது குறையும். கால் சுளுக்கியவரும் அங்கேயே காரில் ஏறிக்கொள்ளலாம். முதல்முறை போகிறவர்களுக்கு, அதிலும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, நான் இந்தப் பாதையைத்தான் சொல்வேன்.

இதற்கான விலை குளிர். ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பனியும் விழலாம். டர்பன் குளிருக்கு வாங்கிய மெல்லிய ஸ்லீப்பிங் பேக் இங்கே போதாது. நல்லதொன்று வாங்கப் பணம் நிறைய ஆகும், ஒருமுறை நடக்கப் போகிறவர் வாடகைக்கு எடுப்பதே மேல். கம்பளித் தொப்பியும், தூங்க மட்டும் அணியும் உலர்ந்த காலுறை ஒரு ஜோடியும் கட்டாயம்.

டிசம்பரில் போனால் பிரச்சினை இடி மின்னல். பிற்பகல் மேகம் கூடுவதற்கு முன் குடில் சேர வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். திறந்த புல்வெளியில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் புல் காய்ந்து கிடக்கும். வெப்பமான மலைக்காற்று வீசினால் தீ வேகமாகப் பரவும். காலநிலைக்கு ஏப்ரல், மே மாதங்களே மிக நல்லவை. ஈஸ்டர் விடுமுறையைத் தவறவிடாதீர்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெரிய வெள்ளியன்று நம்மில் பாதிப்பேர் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலோ மவுன்ட் எட்ஜ்கோம் கோயிலிலோ இருப்போம். அதற்கடுத்த வாரம் பாருங்கள்.

கிளம்பும் முன் மலை மீட்புப் பதிவேட்டில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் திரும்பவில்லை என்றால் தேடி வருகிறவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

## ஓட்டர்

தென்னாப்பிரிக்காவில் முறையாக அமைத்த முதல் நெடும்பாதை இது, 1968-இல் திறந்தார்கள். ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத்திலிருந்து நேச்சர்ஸ் வேலி வரை கடலை ஒட்டியே போகும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் இடம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

தூரம் குறைவென்று ஏமாந்துவிடாதீர்கள். முதல் நாள் ஐந்து கி.மீ.க்கும் குறைவுதான், ஆனால் பை மிகக் கனமாக இருக்கும் அந்த நாளில் பாறைகள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஏறத்தாழ 14 கி.மீ. நடக்க வேண்டும், அதில் பத்தாவது கிலோமீட்டரில் ப்ளோக்ரான்ஸ் ஆறு கடலில் கலக்கிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டுமே அதைக் கடக்க வேண்டும். இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியே உதவும். இந்தக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிகக் கீழே வற்றும், அந்த வற்றும் நேரம் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வரும். அடுத்தடுத்த நாள்களில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே உங்கள் நான்காம் நாள் அமாவாசையன்றோ பௌர்ணமியன்றோ, அல்லது அதற்கு ஓரிரு நாள் கழித்தோ விழுமாறு பதிவு செய்தால், விடியலில் கிளம்பி நிதானமாக நடந்து சரியான நேரத்துக்கு ஆற்றங்கரை சேரலாம். அஷ்டமியை ஒட்டி விழுந்தால் கடல் அவ்வளவு வற்றாது, வற்றும் நேரமும் பின்னிரவிலும் பிற்பகலிலும் போய்விடும். கிளம்பும் முன் அதிகாரபூர்வமான அலை அட்டவணையைப் பார்த்து நேரத்தை உறுதி செய்வது கட்டாயம்.

ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வரலாம், நீந்தவும் நேரலாம். முழுப் பையும் உள்ளே போகும் கனமான பிளாஸ்டிக் பை ஆளுக்கொன்று, கட்டக் கயிறு, தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் வேண்டும். நீந்தத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் இதை முன்கூட்டிப் பேசுங்கள். கடக்க முடியாத நிலை வந்தால் மேலேறி வெளியேறும் வழி இருக்கிறது. அதில் போவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

செலவைப் பார்த்தால் டர்பன்காரர்களுக்கு இதுதான் மிக அதிகம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், போக ஒரு நாள், வர ஒரு நாள். ஐந்து நாள் நடை என்பது ஏழு நாள் லீவாக மாறிவிடும். விமானத்தில் போனால் கேஸ் குப்பியை எடுத்துச் செல்ல விடமாட்டார்கள், இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். முடிந்த இடத்திலிருந்து காருக்குத் திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும், சாலை வழியாக ஒரு மணி நேரம் அளவில் ஆகும். மழைக்கு இங்கே மாதக் கணக்கு கிடையாது, ஆண்டு முழுவதும் பெய்யும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளின் இடங்கள் முழுவதையும் எடுத்து, வளர்ந்த அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் போக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. குடிலில் உங்கள் ஆள்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்கே இன்னும் உறுதி வரவில்லை என்றால், ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத்திலிருந்து மூன்று கி.மீ. தொலைவிலுள்ள அருவி வரை ஒருநாள் நடைக்கு அனுமதி உண்டு. அந்தப் பாறைகளில் உங்கள் கால் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

## வைல்ட் கோஸ்ட்

போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து ஹ்லுலேகா வழியாகக் காபி பே வரை. ம்போண்டோ, கோசா மக்களின் கிராமங்கள் வழியே, மேய்ச்சல் மேடுகளிலும் மணலிலும் நடப்பது. இரவில் அவர்கள் வீட்டிலேயே தங்கலாம், படுக்கையும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வர வேண்டும். இங்கே பாதைக்குறிகளை நம்பி நடக்க முடியாது, எந்த ஆற்றை எப்போது எங்கே கடப்பது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுப்பு, கேஸ், பாத்திரம், அரிசி, பருப்பு எதுவும் வேண்டாம். அதனால்தான் பை பாதியாகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், முதுகுவலி உள்ளவர்களும் மூன்றில் ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இடித்த சோளமும் பயறும் சேர்த்து வேகவைக்கும் உம்ங்குஷோ அவர்களின் அன்றாட உணவு. இமிஃபினோ என்ற காட்டுக் கீரையும், ஆவியில் வேகும் ரொட்டியும் உண்டு. முன்பே சொல்லாமல் போய் நின்றால், விருந்தாளி வந்தாரென்று கோழி அடித்துவிடுவார்கள். அதை வேண்டாமென்று ஒதுக்குவது அந்த வீட்டம்மாவின் மனத்தை நோகச் செய்யும். ஊறுகாய் சிறிய டப்பாவில் கொஞ்சம் கொண்டு போங்கள், அவர்களுக்கும் கொடுங்கள்.

மறைந்த செலவு இங்கே சாலையில் இருக்கிறது. கடலோரமாக நடந்த 60 கி.மீ.க்குக் காரில் திரும்ப வேண்டுமென்றால், காபி பேயிலிருந்து உள்நாட்டில் ம்தாதா வரை போய், மறுபடி கடலுக்கு இறங்க வேண்டும். ஏறத்தாழ 200 கி.மீ. ஆகும். அந்த வண்டிக்கான விலையை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். படகுக்காரர்களுக்கும் வழியில் வாங்குபவற்றுக்கும் சில்லறை நோட்டுகள் தேவை, போர்ட் செயின்ட் ஜான்ஸை விட்டால் வழியில் பணம் எடுக்க முடியாது.

கழிமுகங்களில் நீந்திக் கடக்க வேண்டாம், படகு இருக்கும் இடத்தில் படகு. போர்ட் செயின்ட் ஜான்ஸின் செகண்ட் பீச்சில் சுறா தாக்கி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. புல்லில் உண்ணிகள் உண்டு. மாலையில் கால், இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்து எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கருப்பு வடு தெரிந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள், மருந்துண்டு.

ஜூன், ஜூலையில் இங்கே மழை குறைவு, குளிர் மிதம். மத்தி மீன் கூட்டம் வடக்கே போகும் காலமும் அதுதான், அதைத் தொடர்ந்து வரும் ஓங்கில்களை (டால்பின்களை) கரையிலிருந்தே பார்க்கலாம்.

## சாப்பாட்டுப் பை

இது ஜயண்ட்ஸ் கப்புக்கும் ஓட்டருக்கும்தான். நம்மவர் பைகள் கனப்பது துணியால் இல்லை, சாப்பாட்டால். வெங்காயம், உருளைக்கிழங்கு, டின் ஃபிஷ், டின் பீன்ஸ் என்று அடுக்கிவிடுகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீரும் தகரமும்.

உலர்ந்த உணவாக எடுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் போதும். 1913-இல் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள், அவர்களில் நம் தமிழர் பலர், டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஒரு அவுன்ஸ் சர்க்கரையும் கொடுத்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். அதுவும் ஏறத்தாழ 700 கிராம்தான். அவர்கள் பட்ட பாட்டை நம் விடுமுறையோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனாலும் பையில் நாலாவது டின்னை வைக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

காலைக்கு அவலும் சர்க்கரையும் பால்பொடியும். மதியத்துக்கு முதலிரண்டு நாள் வீட்டு ரொட்டி, பிறகு பிஸ்கட், கடலை, பேரீச்சை. இரவுக்குத்தான் யோசிக்க வேண்டும். மலையில் 1,500 மீட்டருக்கு மேலே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் துவரம்பருப்பு வேக நெடுநேரமாகும், கேஸ் தீரும். சிவப்பு மைசூர் பருப்பு எடுங்கள். இன்னும் நல்லது, சோறும் சுகர் பீன்ஸ் கறியும் வீட்டிலேயே சமைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்து அதன் கதவைச் சற்றுத் திறந்துவிட்டு, நொறுங்கும்வரை உலர்த்துவது. கறியில் எண்ணெயைக் குறையுங்கள், எண்ணெய் உலராது, கெட்டுப்போகும். குடில் சேர்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, குளித்துவிட்டு வந்து கொதிக்கவிட்டால் போதும். புளிக்காய்ச்சல் ஒரு சிறிய குப்பி இருந்தால் ஒரு நாள் இரவு புளிச்சோறாகிவிடும்.

எதையும் குடில் வாசலில் வைக்காதீர்கள். ஓட்டரில் குரங்கும், பபூன் என்ற பெருங்குரங்கும் பையின் ஜிப்பையே திறந்துவிடும்.

## காலும் பயிற்சியும்

ஜயண்ட்ஸ் கப்புக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ். ஓட்டருக்கு ஈரப்பாறையில் வழுக்காத அடிப்பகுதி. வைல்ட் கோஸ்ட்டுக்கு ஓட்டக் காலணியும், ஆறு கடக்க வாருள்ள செருப்பும். எதுவானாலும் புதுசாகப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

காவடிக்கு வெறுங்காலில் நடப்பவர்கள் தங்கள் பாதம் உறுதியானது என்று நம்புகிறார்கள். அது உண்மைதான், ஆனால் கொப்புளம் போடுவது தரை இல்லை. காலணிக்குள் சேரும் சூடும் ஈரமும் உராய்வும்தான். எங்கே சுருக்கென்று தோன்றுகிறதோ அங்கே அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த ஓய்வு வரை காத்திருந்தால் தோல் உரிந்துவிடும்.

டர்பன் கடற்கரை நடைபாதையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் முழங்காலுக்குப் பயிற்சி ஆகாது, அது சமதளம். கிரான்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுங்கள். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் மாதம் வெறும் பையோடு, பிறகு அரிசிப் பொட்டலங்களை வைத்துப் பை எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியாக, இரண்டு நாள் அடுத்தடுத்து முழு எடையோடு நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலை எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் தேர்வு.

அந்த இரண்டு நாள் நடையில் உங்கள் கூட்டத்தில் ஒருவர் பன்னிரண்டு கிலோவோடு தடுமாறினால் ஓட்டரை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் கார் உதவியோடு ஜயண்ட்ஸ் கப், ஜூலை என்றால் வைல்ட் கோஸ்ட். எல்லோரும் தடுமாறாமல் நடந்தால், பஞ்சாங்கத்தைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கான ஓட்டர் தேதியை இப்போதே கேளுங்கள். நீங்கள் கேட்ட நாள் கிடைக்காமல் போகலாம், அதனால் பொருந்தும் தேதிகள் மூன்று நான்கு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.